எக்ஸ்பிரஸ் அக்காவும் மாஸ்டரின் சட்டைப் பொத்தான்களும்

எக்ஸ்பிரஸ் அக்கா படுக்கை விரிப்பு மாற்றுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். படுத்திருக்கிறவரை இந்தப் பக்கம் ஒருமுறை புரட்டுவாள், அந்தப் பக்கம் ஒருமுறை புரட்டுவாள். பழைய விரிப்பு கூடையில் கிடக்கும், புது விரிப்பு ஒரு சுருக்கம் இல்லாமல் கட்டிலில் கிடக்கும். படுத்திருந்தவர் மட்டும் விஷயம் தெரியாமல், "எப்பம்மா மாத்தப் போற?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். நான் கதை அளக்கவில்லை. எதிர்ப்பக்கம் நின்று அந்த விரிப்பின் மறுமுனையைப் பிடித்தவள் சொல்கிறேன்.

வீடு வீடாகப் போய், தாமாக எழுந்து நடமாட முடியாதவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, சாப்பிட வைத்து, மாத்திரை கொடுத்து, நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவதுதான் எங்கள் பிழைப்பு. ஆபீஸ் பலகையில் 'பராமரிப்புப் பணியாளர்கள்' என்று கௌரவமாகத்தான் எழுதியிருக்கிறார்கள். போகிற வீடுகளில் சிலர் வேலைக்காரம்மா என்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும், முகத்திலும் காட்டிவிடுவேன். அக்காவுக்கு அதற்கெல்லாம் நேரம் கிடையாது. "அவங்க கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள நான் வேலைய முடிச்சிட்டுக் கிளம்பிடுவேன்டி, அப்புறம் எந்தப் பேர் சொன்னா என்ன?" என்பாள்.

அந்த வேகம் அவளுக்கு ஓட்டலில் வந்தது. இருபது வயதில் ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. ஒருவர் பெட்டியோடு கிளம்பி இன்னொருவர் பெட்டியோடு வருவதற்குள் கட்டில், குளியலறை, கண்ணாடி, குப்பைக்கூடை எல்லாம் புத்தம் புதிதாக ஆகிவிட வேண்டும். கொஞ்சம் தாமதமானால் மேற்பார்வையாளர் கதவருகில் வந்து நின்று தொண்டையைச் செருமுவாராம். திட்டக்கூட மாட்டாராம், வெறும் செருமல்தான். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வார்டு. அங்கே செருமுவதற்குக்கூட யாருக்கும் நேரமில்லை, எல்லோரும் கத்தினார்கள். வார்டில் பல வருடம் ஓடிவிட்டு எங்கள் கம்பெனிக்கு வந்தாள். அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். "எங்க வீட்டுல மேலயும் கீழயும் போற வேலை அவருக்கு, குறுக்கயும் நெடுக்கயும் ஓடற வேலை எனக்கு" என்று சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரிப்பாள்.

அடக்கம் என்ற பேச்சுக்கே அக்காவிடம் இடமில்லை. தன் வேலையைப் பற்றித் தானே பெருமையடித்துக்கொள்வாள். அடித்துக்கொள்ளட்டுமே, என்ன குறைந்துவிட்டது? அவள் போய்வந்த வீட்டுக்காரர்கள் ஆபீசுக்குப் போன் போட்டு, "அந்த எக்ஸ்பிரஸ் அம்மாவையே அனுப்புங்க" என்று கேட்பார்கள். என்னைக் கேட்டு யாரும் போன் போட்டதில்லை. வயிறு எரியவில்லை என்று சொன்னால் அது பொய்.

இப்படி இருந்த அக்காவைத்தான் ஒரு சட்டைப் பொத்தான் கவிழ்த்தது.

எங்கள் தொழிலில் சான்றிதழ் என்பது ஒரு பெரிய கூத்து. முதியோர் இல்லத்தில் வேலை செய்ய ஒன்று, வீடுகளுக்குப் போக ஒன்று, உடல் ஊனமுற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இன்னொன்று. ஒன்று இருந்தால் மற்றது செல்லாது. ஒவ்வொன்றுக்கும் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அந்த அரிச்சுவடியின் முதல் பாடம் எப்போதும் கை கழுவுவது. நான் கை கழுவுவதில் மூன்று முறை தேர்ச்சி பெற்றவள். அக்கா ஒரே ஒரு முறைதான் கழுவினாள், அதுவும் வார்டுக்கான சான்றிதழுக்கு. அது வீடுகளுக்குச் செல்லாது. ஆபீசுக்கும் அது தெரியும், ஆனால் இப்படி ஓடுகிறவளை எந்த ஆபீஸ் விடும்? கண்டும் காணாமல் இருந்தார்கள்.

பிறகு ஒருநாள் சான்றிதழ் கொடுக்கிற வாரியம் எல்லாவற்றையும் கலைத்துப்போட்டது. இனிமேல் எல்லா இடத்துக்கும் சேர்த்து ஒரே தகுதிச் சான்றிதழ். அனுபவம் உள்ளவர்கள் வகுப்பில் போய்க் குந்த வேண்டாம். மதிப்பீட்டாளர் ஒருவர் நாம் வேலை செய்கிற வீட்டுக்கே வந்து, ஓரமாக உட்கார்ந்து நாம் செய்வதைப் பார்ப்பார். கடைசியில் நம்மை வெளியே அனுப்பிவிட்டு, நாம் யாரைப் பார்த்துக்கொள்கிறோமோ அவரிடமும் கேட்பார். இதைக் கேட்டபோது எனக்கு நிஜமாகவே மனசு நிறைந்தது. இத்தனை வருடத்தில் எங்கள் வேலையைப் பற்றி, அதை உடம்பில் வாங்கிக்கொள்கிறவரிடம் கேட்க வேண்டும் என்று முதல்முறையாக ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே!

ஆனால் கூடவே ஒரு கத்தியும் தொங்கியது. வாய்ப்பு இரண்டே முறை. இரண்டிலும் தேறாவிட்டால் ஒரு வருட வகுப்பு, அதுவரை எந்த வீட்டு வாசலையும் மிதிக்க முடியாது. நாங்களெல்லாம் பழைய வகுப்பு நோட்டுகளைத் தேடி எடுத்துத் தூசு தட்டினோம். அக்கா மட்டும் குஷியாக இருந்தாள்.

"வந்து பாக்கட்டும்டி. பாத்துட்டு, எங்களுக்கும் சொல்லிக்குடுங்கன்னு கேக்கப் போறாங்க."

அவளுடைய மதிப்பீட்டுக்கு மாஸ்டர் வீடு என்று முடிவானது. மாஸ்டர் பல வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பாதி நகரம் அவரிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் எடுத்தது. பக்கவாதம் வந்து வலது பக்கம் தளர்ந்துவிட்டது. பேச்சும் போய்ப் பாதிதான் திரும்பி வந்திருந்தது. ஒரு சொல் வரும், அடுத்த சொல்லுக்குக் காத்திருக்க வேண்டும். மகனும் மருமகளும் இருந்தார்கள். மகன் காலையில் நாங்கள் போவதற்கு முன்பே வேலைக்குக் கிளம்பிவிடுவான். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டும் என்பதால் நானும் அக்காவோடு போவேன். அதனால் நடந்ததில் முக்கால்வாசிக்கு நான் சாட்சி.

மதிப்பீட்டாளர் அம்மா வந்தார். கண்ணாடி போட்ட, ஒல்லியான, அதிகம் பேசாத அம்மா. அவரும் இந்த வேலையில் பல வருடம் முதுகொடிந்தவர்தான் என்று பிறகு தெரிந்தது. உட்காரும்போது இடுப்பில் கை வைத்து உட்கார்ந்ததைப் பார்த்தே நான் கண்டுபிடித்திருக்க வேண்டும். ஜன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "நான் இங்க இல்லன்னு நெனச்சுக்கோங்க" என்றார்.

அக்கா அன்றைக்கு ஆடினாளே ஓர் ஆட்டம்! மாஸ்டரை உட்கார வைத்தோம், அடுத்த நிமிஷம் முகம் துடைத்தாகிவிட்டது. தளர்ந்த கையை முதலில் சட்டைக்குள் விட்டு, நல்ல கையைப் பிறகு விட்டாள், அதுதான் முறை. மேலிருந்து கீழே பொத்தான்களை ஒரே வழியாகப் பூட்டிக்கொண்டு போனாள். தலை சீவினாள். மாத்திரை, தண்ணீர், செருப்பு. இடையில் ஒருமுறை மாஸ்டர் இடது கையைத் தூக்கிச் சட்டையின் விளிம்பைப் பிடித்தார். அக்கா, "இருங்க மாஸ்டர், நான் போடறேன்" என்று அந்தக் கையை அன்பாக எடுத்து அவர் தொடையில் வைத்தாள். நான் கட்டிலை உதறிக்கொண்டே ஓரக்கண்ணால் மதிப்பீட்டாளர் அம்மாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மாஸ்டரிடமும் கேட்டுவிட்டு வெளியே வந்ததும் சொல்லிவிட்டார். "இப்போதைக்கு இன்னும் தகுதி பெறவில்லை."

அக்காவுக்குப் புரியவே இல்லை. "அப்படின்னா?"

"அப்படின்னா ஃபெயில்" என்றேன் நான். அதைச் சொல்ல இவ்வளவு நீளமான வாக்கியம் எதற்கு என்ற எரிச்சலில் பட்டென்று சொல்லிவிட்டேன்.

மதிப்பீட்டாளர் அம்மா குரலை உயர்த்தவில்லை. "உங்க கை அவ்வளவு நல்ல கை. ஒரு குறையும் இல்ல. ஆனா அவர் சட்டையப் பிடிச்சாரு, நீங்க அவர் கைய எடுத்துக் கீழ வெச்சீங்க. காலையில எழுந்ததுலேருந்து அவரா ஒரு வேலைகூடச் செய்யல. செய்ய விடல." அவ்வளவுதான் சொன்னார். போய்விட்டார்.

அக்கா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அவள் படிக்கட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. இறங்குவாள், ஏறுவாள், உட்காரமாட்டாள். அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்று நான் இரண்டு முறை சொன்ன பிறகுதான் எழுந்தாள்.

செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. எக்ஸ்பிரஸே ஃபெயில் என்றால் மற்றவர்கள் எந்த மூலைக்கு? முதல் சுற்றில் எங்களில் நிறையப் பேர் இப்படித்தான் விழுந்திருந்தார்கள், எல்லோரும் கிட்டத்தட்ட இதே காரணத்துக்காக. நானும்தான். அது இந்தக் கதைக்கு வேண்டாம். எல்லோருக்கும் ரத்தம் கொதித்தது. வேகமாக வேலை செய்ததற்குத் தண்டனையா? வாரியத்துக்காரர்கள் எங்கள் குறைகளைக் கேட்க வருகிறார்கள் என்றதும், இந்தப் பரீட்சையே வேண்டாம் என்று ஒரே குரலில் சொல்வதாக முடிவெடுத்தோம். யார் எழுந்து சொல்வது? சந்தேகமே இல்லை, அக்காதான். "நல்லா நாலு வார்த்தை நாக்கப் பிடுங்கற மாதிரிக் கேளுக்கா" என்று அவளுக்குச் சாவி கொடுத்து அனுப்பியதே நான்தான்.

ஆபீஸ் மேல்மாடியில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். முன்னால் வாரியத்திலிருந்து இரண்டு பேர், பக்கத்தில் அந்த மதிப்பீட்டாளர் அம்மா, ஓரத்தில் எங்கள் டைம்டேபிள் தம்பி. அவன்தான் யார் எந்த வீட்டுக்கு எப்போது போக வேண்டும் என்று திட்டம் போடுகிறவன். கெட்ட பையன் இல்லை. ஆனால் ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம் என்று போட்டுவிட்டு, இரண்டு வீட்டுக்கும் நடுவில் பறந்து போவோம் என்று நினைத்துக்கொள்கிறவன்.

அக்கா எழுந்தாள். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

"அந்தம்மா என்னை ஃபெயில் பண்ணினது சரி" என்றாள்.

கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்துபோய் அவள் வாயைப் பொத்தியிருப்பேன். வக்கீல் வைத்தால் எதிர்க்கட்சிக்கு வாதாடுகிறாளே!

"நான் வீட்டுக்குப் போய் யோசிச்சுப் பாத்தேன். மாஸ்டரோட இடது கை நல்லாத்தான் இருக்கு. வலது கையிலயும் கொஞ்சம் பிடிமானம் வந்திருக்கு. அது எனக்குத் தெரியும், தினமும் அந்தக் கையத் துடைக்கறவ நான். தெரிஞ்சும் ஒரு நாள்கூட, நீங்க போடுங்க மாஸ்டர்னு சொன்னதில்ல. என் கை சும்மா இருக்காது, அவர் கை சும்மாவே இருக்கு. இது தப்புதான்." மூச்சு வாங்கிக்கொண்டாள். அப்புறம் ஓரமாகத் திரும்பினாள். "ஆனா, டைம்டேபிள் தம்பி, நீயும் கேட்டுக்கோ. வாரியத்து சார், நீங்களும். ஒரு மனுஷன் ஒத்தக் கையில ஒரு சட்டையப் போட எவ்வளவு நேரமாகும்னு யாராவது இதுவரைக்கும் உக்காந்து பாத்திருக்கீங்களா? அரை மணிக்குள்ள குளிப்பாட்டி, உடுத்தி, சாப்பிட வெச்சு ஓடுன்னு ஒருத்தர் சொல்றீங்க. பொறுமையா அவரைச் செய்ய விடுன்னு இன்னொருத்தர் சொல்றீங்க. ரெண்டு பேரும் மொதல்ல ஒரு ரூம்ல உக்காந்து பேசிட்டு வாங்க. பரீட்சைய மாத்தினது போதாது. எங்க காலையையும் மாத்தணும்."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. நானும் எழுந்து நின்று தட்டினேன். கொஞ்சம் முன்பு அவள் வாயைப் பொத்த நினைத்த அதே கைகள்தான். வாரியத்துக்காரர் ஏதோ பரிசீலனை, நடவடிக்கை என்று பேசினார். மதிப்பீட்டாளர் அம்மா மட்டும் எழுந்து, "நான் இந்த வேலையில இருந்தப்ப இதச் சொல்ல எனக்குத் தைரியம் வரல" என்றார். அந்த நிமிஷம் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

பரிசீலனை வந்து சேர்வதற்கு எத்தனை காலம் ஆகும் என்று எங்களுக்குத் தெரியாதா? டைம்டேபிள் தம்பிதான் முதலில் அசைந்தான். மாஸ்டர் வீட்டுக்குக் காலையில் இருமடங்கு நேரம் போட்டான். அதற்காக அக்காவின் அடுத்த வீட்டை அப்படியே தூக்கி என் தலையில் வைத்தான். மாஸ்டரை நாற்காலிக்கு மாற்றியதும் நான் அங்கே ஓட வேண்டும். மதிப்பீடு நடக்கிற நாளில் மட்டும் கடைசிவரை இருக்கலாம். சீர்திருத்தம் என்றால் சும்மாவா?

அன்றிலிருந்து அக்கா சும்மா இருக்கப் பழக ஆரம்பித்தாள். கேட்பதற்குச் சுலபம். துறுதுறுவென்று இருக்கிறவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. முதலில் வீட்டுக்காரரை வைத்துப் பயிற்சி செய்தாள். லிஃப்ட்காரர் ஒருநாள் என்னைத் தெருவில் பிடித்துப் புலம்பித் தீர்த்தார்.

"என்னம்மா நடக்குது உங்க ஆபீஸ்ல? காலையில சாக்ஸ் எங்கடின்னு கேக்கறேன். கையக் கட்டிட்டு எதிர்ல உக்காந்து, 'எங்க வெச்சிருப்பீங்கன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க, அவசரமில்ல'ங்கறா. சாக்ஸ் அவளுக்குப் பின்னாடி இருக்கு! எனக்குத் தெரியுது, அவளுக்கும் தெரியுது. நகர மாட்டேங்கறா. பரீட்சை அவளுக்கா எனக்கா?"

"அண்ணே, நீங்க பாஸாயிடுவீங்க" என்றேன்.

மாஸ்டர் வீட்டில் அவ்வளவு சிரிப்பு வரவில்லை. முதல்நாள் சட்டையை அவர் மடியில் வைத்து, "மாஸ்டர், இன்னிக்கு நீங்க போடுங்க" என்றபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்குக் கோபம். இத்தனை நாள் செய்துவிட்டு இன்றைக்கு என்ன புதுப்பழக்கம் என்பது போல ஒரு பார்வை. மருமகளும் கதவருகில் நின்று, "ஏங்க, அவரை எதுக்குக் கஷ்டப்படுத்தறீங்க?" என்றாள். அக்கா விடவில்லை. தினமும் சட்டையை மடியில் வைப்பாள். தினமும் கொஞ்ச தூரம் போவார், நிற்பார். அந்த இடத்தில் அக்காவின் கை தானாக நீளும்.

அப்படி நீண்ட ஒருநாள்தான் அது நடந்தது. இரண்டாவது பொத்தானில் மாஸ்டரின் விரல் தடுமாறியது. அக்காவின் கை போய்விட்டது. மாஸ்டர் இடது கையால் அவள் புறங்கையில் பட்டென்று ஓர் அடி வைத்தார். கார் பழக வருகிறவர்களை அப்படித்தான் அடித்திருப்பார் போலிருக்கிறது.

"ஸ்டியரிங்... தொடாத" என்றார். அவர் தன் இடது காலைத் தரையில் மெல்ல அழுத்திக் காட்டினார். "பிரேக்... மட்டும்."

அக்காவுக்கு அந்த இடத்தில்தான் எல்லாம் விளங்கியது என்று பிறகு என்னிடம் சொன்னாள். அவரும் ஆயுள் முழுக்க இதைத்தானே செய்திருக்கிறார்? பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, பிரேக்கின் மேல் மட்டும் ஒரு கால். மோதப் போகிறது என்றால் அழுத்த வேண்டும். மற்றபடி வண்டி கோணல்மாணலாகப் போனாலும் ஓட்டுகிறவன் ஓட்டட்டும் என்று விட வேண்டும். அதன் பிறகு மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அக்காவைக் கண்காணிப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷமே வந்துவிட்டது. அவள் விரல் அசைந்தால் போதும், முறைப்பார்.

இரண்டாவது மதிப்பீட்டு நாள் வந்தது. அக்கா வாசலில் நின்று என் கையைப் பிடித்தாள். "அடியே, இது போச்சுன்னா ஒரு வருஷம் வகுப்புடி. இந்த வயசுல பெஞ்சுல உக்காந்து மறுபடியும் கை கழுவணும். அதைக்கூடக் கழுவிடுவேன். மாஸ்டரை யாருடி பாத்துப்பா? வேற யாராவது வந்து மடமடன்னு பொத்தானப் போட்டுட்டுப் போயிட்டா?" அவள் பயந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

அதே மதிப்பீட்டாளர் அம்மா, அதே ஜன்னலோரம். மாஸ்டரை நாற்காலிக்கு மாற்றினோம். அக்கா முகம் துடைக்கும் துணியை நனைத்துப் பிழிந்து அவர் இடது கையில் கொடுத்தாள். அவரே துடைத்துக்கொண்டார், காதுக்குப் பின்னால் விட்டுவிட்டார். "காதுக்குப் பின்னாடி, மாஸ்டர்" என்றாள், அவ்வளவுதான். பிறகு சட்டையை மடியில் வைத்தாள். தளர்ந்த கை நுழைவதற்குத் தோள் பக்கம் மட்டும் துணியைத் தூக்கிப் பிடித்தாள். இரண்டு கையும் உள்ளே போனதும் எதிரில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

முதல் பொத்தான் போனது. இரண்டாவது போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. மாஸ்டர் வலது கை விரல்களால் துணியை அழுத்திக்கொண்டு, இடது கையால் பொத்தானைத் தள்ளினார். நழுவியது. மறுபடி தள்ளினார். நழுவியது. நான் தலையணை உறையை மாற்றுவதாக ஒரே உறையைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே கை பரபரத்தது. மாஸ்டரின் நெற்றியில் வேர்த்தது. ஏதோ ஒரு கெட்ட வார்த்தை, அது மட்டும் தங்குதடையில்லாமல் வந்தது. மதிப்பீட்டாளர் அம்மா குனிந்து சிரிப்பை மறைத்தார்.

மருமகளுக்குத் தாங்கவில்லை. "மாமா, குடுங்க" என்று பாய்ந்து வந்தாள். அக்கா எழுந்திருக்காமலேயே ஒரு கையை மட்டும் நீட்டி அவளைத் தடுத்தாள். "கொஞ்சம் பொறுங்கம்மா. அவர் முடியலன்னு சொல்லல." மாஸ்டர் மருமகளை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். அவள் கதவோரமே நின்றுவிட்டாள்.

இரண்டாவது போனது. மூன்றாவது போனது. நாலாவதில் அவர் ஒரு துளையை விட்டுவிட்டு அடுத்ததில் மாட்டினார். அக்கா பார்த்தாள், நானும் பார்த்தேன். அக்காவின் கோத்த விரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு இறுகின. வாயைத் திறக்கவில்லை. கடைசிப் பொத்தானுக்கு வந்தபோது அதற்குத் துளை இல்லாமல் போனதை அவரே கண்டார். கொஞ்ச நேரம் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது தூக்கி எறிந்துவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். எங்கே எறிந்தார்? கீழேயிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார், தப்பு நடந்த இடம்வரை போனார், மறுபடி போட்டார். முடித்துவிட்டுக் காலரை இழுத்து நேராக்கினார். அதைச் செய்யச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அக்கா, "போலாமா, மாஸ்டர்?" என்றாள். நாற்காலியைச் சாப்பாட்டு மேசைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

இனி எங்களை வெளியே அனுப்பிவிட்டு மாஸ்டரிடம் கேட்கும் நேரம். நானும் அக்காவும் வராந்தாவில், சாத்தாத கதவுக்கு இந்தப் பக்கம் நின்றோம். ஒட்டுக்கேட்கக்கூடாதுதான். காதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"இன்னிக்குக் காலையில அவங்க உங்களுக்கு என்னென்ன செஞ்சாங்க?" என்று மதிப்பீட்டாளர் அம்மா கேட்டார்.

மாஸ்டருக்குச் சொல் வர நேரமாகும் என்று அந்த அம்மாவுக்கும் தெரியும், காத்திருந்தார்.

"அந்தம்மா..." என்றார் மாஸ்டர். "ஒண்ணும்... செய்யல."

பாவி மனுஷன், எல்லாவற்றையும் கெடுத்தாரே! உள்ளே மருமகள் பதறினாள். "ஐயோ மாமா, அப்படிச் சொல்லாதீங்க. அவங்க வேலை போயிடும்."

மேசையில் ஒரு கை தட்டும் சத்தம். பிறகு மாஸ்டரின் குரல், எந்தக் காலத்திலோ சாலையில் வண்டி நின்றுபோனவர்களைத் திட்டிய அந்தப் பெரிய குரல்.

"ஒண்ணும் செய்யல! சட்டை... நான்... போட்டேன்."

பிறகு, "ஆமா சார், நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்" என்று மதிப்பீட்டாளர் அம்மா சொன்னது கேட்டது. வெளியே வந்தவர் அக்காவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தகுதி பெற்றுவிட்டீர்கள் என்று இந்த முறை சின்ன வாக்கியமாகவே சொன்னார்.

என் அக்காவைப் பற்றி நான் பெருமைப்பட்ட நாட்கள் நிறைய உண்டு. ஆனால் அன்றைக்குப் பட்டதைப் போல ஒருநாளும் பட்டதில்லை. கீழே இறங்கும்போது அவள் ஒவ்வொரு படியாக, நிதானமாக இறங்கினாள். பாதியில் நின்று வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். அந்தக் கட்டடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"ஏங்க, பாஸுங்க! மாஸ்டரே சொல்லிட்டாருங்க, நான் ஒண்ணுமே செய்யலையாம்!"